ஆறு விநாடி மேளத்துக்கு யார் கூலி கொடுத்தார்கள்?

1969ஆம் ஆண்டு, அமெரிக்காவின் வாஷிங்டன் நகரைச் சேர்ந்த தி வின்ஸ்டன்ஸ் இசைக்குழு ஒரு இசைத்தட்டை வெளியிட்டது. முன்பக்கத்தில் இருந்த ‘கலர் ஹிம் ஃபாதர்’ நன்றாக ஓடியது, கிராமி விருதும் வாங்கியது. பின்பக்கத்தை நிரப்ப ஏதாவது வேண்டுமே என்று ‘ஆமென், பிரதர்’ என்ற கருவியிசையை அவசர அவசரமாகப் பதிவு செய்தார்கள். அதன் நடுவே மற்ற வாத்தியங்கள் எல்லாம் ஓய்ந்துவிட, டிரம்ஸ் வாசித்த கிரெகரி கோல்மன் மட்டும் தனியாக நான்கு சுற்று அடிப்பார். ஏறக்குறைய 6 விநாடி.

உலகத்தில் மிக அதிகமாக வெட்டி ஒட்டப்பட்ட ஒலித்துண்டுகளில் அந்த 6 விநாடியும் ஒன்று. 1980களின் நடுவில் ஹிப் ஹாப் கலைஞர்கள் அதைக் கையில் எடுத்தார்கள். சால்ட் என் பெப்பா பயன்படுத்தினார்கள். 1988ல் என்.டபிள்யூ.ஏ. குழுவின் ‘ஸ்ட்ரெயிட் அவுட்டா காம்ப்டன்’ பாட்டு அதே தாளத்தின்மேல்தான் எழுந்தது. பிரிட்டனில் ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் என்ற இரண்டு இசைவகைகளே அந்தத் துண்டை வேகம் கூட்டி நறுக்கியதில் வளர்ந்தவை. ஆயிரக்கணக்கான பாடல்களில் கோல்மனின் கைகள் இன்றும் அடித்துக்கொண்டிருக்கின்றன. அவரோ 2006ல் அட்லாண்டாவில் வீடு வாசல் இல்லாமல் இறந்தார். அந்தத் தாளத்துக்கான ராயல்டி என்று ஒரு காசும் அவர் கைக்கு வரவில்லை. குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கும் அதே கதிதான். 2015ல் பிரிட்டிஷ் டிஜே ஒருவர் இணையத்தில் நிதி திரட்டி 24,000 பவுண்டை அவருக்குக் கொடுத்தார். நாற்பத்தாறு ஆண்டுக் கடனுக்கு ரசிகர்கள் மனமுவந்து கட்டிய முதல் தவணை அது.

ஹிப் ஹாப் பிறந்து ஐம்பது ஆண்டு ஆனதை 2023ல் அமெரிக்கா ஊர்கூடிக் கொண்டாடியது. கிராமி மேடையில் மூத்தவர்களும் இளையவர்களும் வரிசையாக வந்து பாடினார்கள். பிராங்க்ஸ் பகுதியின் யாங்கி ஸ்டேடியத்தில் நள்ளிரவு தாண்டியும் கச்சேரி நடந்தது. பத்திரிகைகள் மைல்கற்களைப் பட்டியல் போட்டன: முதல் ஹிட், முதல் பிளாட்டினம், முதல் கிராமி, முதல் புலிட்சர், முதல் பில்லியனர். எல்லாம் உண்மையான சாதனைகள். ஆனால் அந்தப் பட்டியல்களில் ஒரு பத்தி விடுபட்டிருக்கிறது. ஒவ்வொரு மைல்கல்லின் அருகிலும் அதை நட்டவர் யார், அதன் வருமானம் யார் வீட்டுக்குப் போனது என்று எழுத வேண்டிய பத்தி அது. ஹிப் ஹாப்பின் வரலாற்றை உடைமையின் வரலாறாகப் படித்தால்தான் அது முழுதாகப் புரியும். ஏழை வீட்டுப் பிள்ளைகள் தங்களிடம் இருந்ததைக் கொண்டு உருவாக்கிய ஒரு கலை, யார் பெயரில் பத்திரம் ஆனது என்பதுதான் அந்த வரலாறு.

எல்லோருக்கும் தெரிந்த தேதியிலிருந்தே தொடங்கலாம். 1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்கின் பிராங்க்ஸ், 1520 செட்ஜ்விக் அவென்யூ. அடுக்குமாடிக் கட்டடத்தின் பொழுதுபோக்கு அறையில் ஒரு நடன விருந்து. டிஜே கூல் ஹெர்க் என்ற கிளைவ் கேம்பல் இசைத்தட்டு சுழற்றினார், ஹிப் ஹாப் பிறந்தது என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். விருந்தை ஏற்பாடு செய்தவர் அவருடைய தங்கை சிண்டி கேம்பல் என்பது இரண்டாவது வாக்கியத்தில்தான் வரும், சில சமயம் வராமலே போகும். பள்ளி திறக்கும் நேரம், புதுத் துணி எடுக்கப் பணம் வேண்டும் என்று யோசித்தது சிண்டி. அறையை வாடகைக்குப் பிடித்தது சிண்டி. சிறு அட்டைகளில் கையால் எழுதி அழைப்பிதழ் கொடுத்தார்கள். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் கட்டணம். அண்ணன் கொண்டுவந்தது திறமையை. அந்தத் திறமை நிற்க ஒரு தரையும், பார்க்க ஒரு கூட்டமும், கையில் ஒரு வருமானமும் ஏற்பாடு செய்தது பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி. ஹிப் ஹாப்பின் முதல் நிகழ்ச்சி அமைப்பாளர் ஒரு பெண் என்று முதல் வரியிலேயே எழுதுவதற்கு என்ன தடை?

ஹெர்க் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்து, 12 வயதில் பிராங்க்ஸுக்கு வந்தவர். கிங்ஸ்டன் தெருக்களில் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கி இரவெல்லாம் பாட்டுப் போடும் ‘சவுண்ட் சிஸ்டம்’ கலாச்சாரம் அவருடைய காதில் இருந்தது. பிராங்க்ஸில் ஆடுபவர்களை அவர் கூர்ந்து கவனித்தார். பாட்டு முழுவதும் சுமாராக ஆடுபவர்கள், பாடகர் ஓய்ந்து டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் சில விநாடிகளில் வெறிகொண்டு ஆடினார்கள். அந்த இடத்துக்கு ‘பிரேக்’ என்று பெயர். அந்தச் சில விநாடியை நீட்டினால் என்ன என்று ஹெர்க் யோசித்தார். ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி வாங்கினார். ஒன்றில் பிரேக் முடியும்போது மற்றதில் ஊசியைத் தொடக்கத்தில் வைத்தார். இப்படி மாற்றி மாற்றிப் போட்டுச் சில விநாடியைப் பல நிமிடமாக்கினார். ஜேம்ஸ் பிரவுனின் டிரம்ஸ்காரர்கள் இப்படித்தான் தங்களுக்கே தெரியாமல் ஒரு புதிய இசைக்கு அடித்தளம் ஆனார்கள். கூலிக் கணக்கும் அன்றே தொடங்கிவிட்டது.

அந்தப் பிள்ளைகளின் கையில் வாத்தியங்கள் ஏன் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ராபர்ட் மோசஸ் என்ற அதிகாரம் மிக்க நகர நிர்வாகி பிராங்க்ஸின் நடுவே ஒரு விரைவுச் சாலையைப் போட்டார். ஈஸ்ட் டிரெமான்ட் பகுதியில் ஒரே ஒரு மைல் தூரத்துக்காக மட்டும் 1,530 குடும்பங்கள் வீடு இழந்தன. வசதி உள்ளவர்கள் புறநகருக்குப் போனார்கள். மிஞ்சிய கட்டடங்களைப் பராமரிப்பதைவிடக் காப்பீட்டுப் பணம் லாபம் என்று தீ வைத்த உரிமையாளர்களும் இருந்தார்கள். 1970க்கும் 1980க்கும் இடையில் பிராங்க்ஸின் 7 கணக்கெடுப்பு வட்டங்களில் 97 சதவீதத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் தீயாலும் கைவிடப்பட்டதாலும் இல்லாமல் போயின. 1975ல் நகரமே திவாலாகும் நிலைக்கு வந்தது. இந்தச் சாம்பல் மேட்டில் வளர்ந்தவர்கள் அப்பா அம்மாவின் பழைய இசைத்தட்டையே வாத்தியமாக்கிக்கொண்டார்கள்.

அதற்கு எவ்வளவு நுட்பம் தேவைப்பட்டது என்பதை மேடை வெளிச்சத்தில் மறந்துவிடுகிறோம். பார்படோஸில் பிறந்து பிராங்க்ஸில் வளர்ந்த ஜோசப் சாட்லர், தொழிற்பள்ளியில் மின்னணுவியல் படித்தவர். கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் என்று உலகம் அறியும். ஹெர்க் ஊசியைக் குத்துமதிப்பாக வைப்பது அவருக்குப் பொறுக்கவில்லை; தாளம் ஒரு நொடிகூடத் தப்பக்கூடாது என்று நினைத்தார். பிரேக் தொடங்கும் இடத்தை இசைத்தட்டின்மேல் கிரேயானால் குறித்துக்கொண்டு, கடிகார முள் சுற்றுவதுபோல் எத்தனை சுற்றுப் பின்னால் திருப்பினால் அதே இடம் வரும் என்று கணக்குப் போட்டார். ஒரு தட்டு வெளியே ஒலிக்கும்போதே மற்றதைக் காதுக்குள் கேட்டுப் பார்க்க ஒரு சுவிட்சைத் தானே ஒட்டிச் சேர்த்தார். இசைத்தட்டில் விரல் படக்கூடாது என்று உலகமே நம்பிய காலத்தில் இவ்வளவும் நடந்தது. 1975 வாக்கில் தியோடர் லிவிங்ஸ்டன் என்ற சிறுவனின் அறைக்கதவைத் தட்டி, சத்தத்தைக் குறைக்கச் சொன்னார் அவனுடைய அம்மா. அவர் பேசும்வரை தட்டைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருந்தான் பையன். அந்தச் சரசரப்பு அவனுக்குப் பிடித்துப் போனது. ‘ஸ்கிராட்ச்’ என்ற வித்தை அப்படிப் பிறந்தது. இவர்கள் யாரும் எந்தக் கண்டுபிடிப்புக்கும் காப்புரிமை எழுதிவைக்கவில்லை. பத்திரம் எழுதத் தெரிந்தவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள்.

1979ல் வந்த ‘ராப்பர்ஸ் டிலைட்’ கதை இந்த வரலாற்றின் மையம். அதை எத்தனை முறை சொன்னாலும் தகும். நியூ ஜெர்சியின் இங்கிள்வுட்டில் சுகர் ஹில் ரெக்கார்ட்ஸ் கம்பெனியை நடத்தியவர் சில்வியா ராபின்சன். 1950களிலிருந்து பாடகி, பிறகு தயாரிப்பாளர். நியூயார்க் விருந்துகளில் இளைஞர்கள் மைக்கில் பேசும் இந்தத் தாளப்பேச்சைத் தட்டில் பதிவு செய்தால் விற்கும் என்று மற்றவர்களுக்கு முன்னால் அவர் கணித்தார். பீட்சா கடையில் வேலை பார்த்த ஹாங்க் ஜாக்சன் அவருக்குக் கிடைத்தார். ஹாங்குக்குச் சொந்தமாக வரிகள் இல்லை. பிராங்க்ஸின் மிகச்சிறந்த சொற்கலைஞர்களில் ஒருவரான கிராண்ட்மாஸ்டர் காஸிடம் போய்க் கேட்டார். காஸ் தன் நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தார். வரிகளில் காஸின் பட்டப்பெயர் எழுத்தெழுத்தாக வரும். அதைக்கூட மாற்றாமல் ஹாங்க் அப்படியே பாடிவிட்டார். பாட்டு அமெரிக்கத் தரவரிசையில் 36ஆம் இடத்துக்கு வந்தது. ராப் இசை முதன்முதலாகப் பெரிய சந்தையைத் தொட்டது. காஸுக்குப் பணமும் இல்லை, பெயரும் இல்லை.

அதே பாட்டில் பின்னால் ஒலிக்கும் தாளமும் அடிநாதமும் ஷிக் குழுவின் ‘குட் டைம்ஸ்’ பாட்டிலிருந்து எடுத்தவை. அதை உருவாக்கிய நைல் ராட்ஜர்ஸும் பெர்னார்ட் எட்வர்ட்ஸும் வழக்குப் போடுவோம் என்றார்கள். உடனே அவர்கள் பெயர் பாடலாசிரியர் இடத்தில் ஏறியது. அவர்கள் கேட்டது நியாயம். ஆனால் வக்கீல் உள்ளவரின் மெட்டு திரும்பக் கிடைத்தது, நோட்டுப் புத்தகம் மட்டும் உள்ளவரின் சொற்கள் கிடைக்கவில்லை. வணிக ஹிப் ஹாப்பின் முதல் ஹிட்டிலேயே அடுத்த அரை நூற்றாண்டுக்கான விதி எழுதப்பட்டுவிட்டது. 2011ல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இந்தப் பாட்டைத் தேசிய ஒலிப்பதிவுக் களஞ்சியத்தில் சேர்த்தது. அந்தக் கௌரவத்தில் காஸுக்கும் சம பங்கு உண்டு என்று ஒவ்வொரு முறையும் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

சில்வியா ராபின்சனை வில்லி ஆக்கிவிட்டுப் போவதும் சரியல்ல. ஒரு கறுப்பினப் பெண் சொந்தமாகக் கம்பெனி நடத்தி, பெரிய நிறுவனங்கள் சீண்டாத இசையைக் கடைக்குக் கொண்டுவந்தது சின்னக் காரியம் இல்லை. 1982ல் ‘தி மெசேஜ்’ வெளிவந்ததும் அவருடைய பிடிவாதத்தால்தான். சுகர் ஹில் கம்பெனியின் வாத்தியக் கலைஞர் எட் ஃபிளெட்சர் எழுதிய அந்தப் பாட்டு இடிந்த தெருக்களையும் வாடகை கட்ட முடியாத வாழ்க்கையையும் பேசியது. விருந்துப் பாட்டுக்குப் பழகிய ஃபிளாஷ் குழுவினர் வேண்டாம் என்றார்கள். கடைசியில் குழுவிலிருந்து மெலி மெல் மட்டும் ஃபிளெட்சரோடு சேர்ந்து பாடினார். அட்டையில் போட்ட பெயரோ ‘கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் அண்ட் தி ஃபியூரியஸ் ஃபைவ்’. தன் குரலும் கையும் இல்லாத பாட்டால் ஃபிளாஷ் உலகப் புகழ் பெற்றார். அதை எழுதிய ஃபிளெட்சர் பிற்காலத்தில் ஜார்ஜியா மாநிலத்தின் சவானாவில் பல்கலைக்கழக ஆசிரியராக அமைதியாக வாழ்ந்து 2021ல் மறைந்தார். ராப் வெறும் கேளிக்கை அல்ல, நகரத்தின் சாட்சி என்று நிறுவிய பாட்டு அது. அடுத்த ஆண்டே ராயல்டிக்காகவும் பெயருரிமைக்காகவும் ஃபிளாஷ் கம்பெனிமீது வழக்குத் தொடுத்தார்.

பெண்களின் பங்கைச் சிண்டியோடும் சில்வியாவோடும் முடித்துக்கொள்ள முடியாது. 1981 பிப்ரவரியில் அமெரிக்காவின் ‘சாட்டர்டே நைட் லைவ்’ நிகழ்ச்சியில் ஹிப் ஹாப் குழு ஒன்று முதன்முதலாக நாடு தழுவிய தொலைக்காட்சியில் தோன்றியபோது, ஃபங்கி ஃபோர் பிளஸ் ஒன் என்ற அந்தக் குழுவின் ‘ஒன்’ ஷா ராக் என்ற பெண். 1984ல் குவீன்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பின் 14 வயது ரொக்ஸான் ஷான்டே, தன்னைவிட மூத்த ஆண்களின் பாட்டுக்குச் சுடச்சுடப் பதில் பாடி நகரத்தையே திரும்பிப் பார்க்க வைத்தார். 1988ல் எம்.சி. லைட், 1989ல் குவீன் லத்தீஃபா. 1999ல் லாரின் ஹில் ஒரே இரவில் 5 கிராமி வாங்கினார். ஆண்டின் சிறந்த ஆல்பம் விருதை முதன்முதலாக வென்ற ஹிப் ஹாப் ஆல்பம் அவருடையது. மிஸ்ஸி எலியட் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்துக்குள் நுழைய 2023 ஆனது, அங்கே போன முதல் பெண் ஹிப் ஹாப் கலைஞர் அவர். அந்த மண்டபம் ஃபிளாஷ் குழுவை 2007லேயே ஏற்றுக்கொண்டிருந்தது. ஒரு பெண்ணுக்குக் கதவு திறக்க மேலும் 16 ஆண்டு.

1986ல் ரன் டி.எம்.சி. குழுவும் ஏரோஸ்மித் ராக் குழுவும் சேர்ந்து பாடிய ‘வாக் திஸ் வே’, வெள்ளையர் வீட்டு வரவேற்பறைக்குள் ராப்பைக் கொண்டுபோனது. அடிடாஸ் காலணி நிறுவனத்துடன் ரன் டி.எம்.சி. செய்த ஒப்பந்தம் விளம்பர உலகுக்கு வழிகாட்டியது. இவை பலமுறை எழுதப்பட்டவை. நின்று பேச வேண்டியது அதற்கடுத்த ஐந்தாண்டுகளைப் பற்றித்தான்.

சாம்பிளர் கருவிகள் அப்போது மலிவாகத் தொடங்கின. பழைய தட்டிலிருந்து டிரம்ஸ் ஒலியை விநாடிக் கணக்கில் பிடித்துவைத்து, விருப்பம்போல் அடுக்க முடிந்தது. பப்ளிக் எனிமி குழுவின் 1988 ஆல்பத்தில் டஜன் கணக்கான துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, சைரன் ஊளையிடும் நகரம் போல ஒலித்தன. 1989ல் டி லா சோல் குழுவின் முதல் ஆல்பம் பாப், கன்ட்ரி, பிரெஞ்சு மொழிப் பாட நாடா வரை எல்லாவற்றையும் கோத்தது. கேட்டவர்களுக்கு அது ஒரு நூலகத்தின் கதவைத் திறந்துவிட்டதுபோல் இருந்தது. இந்தக் கலைவடிவத்தின் உச்சம் அந்த ஆண்டுகள்தாம் என்று தயங்காமல் சொல்லலாம்.

1991 டிசம்பரில் அது நீதிமன்றத்தில் நின்றது. பிஸ் மார்க்கி என்ற ராப்பர், கில்பர்ட் ஓ’சல்லிவன் பாட்டின் ஒரு துண்டை அனுமதியில்லாமல் பயன்படுத்தியிருந்தார். தீர்ப்பு, திருட்டைத் தடுக்கும் பைபிள் கட்டளையோடு தொடங்கியது. கிரிமினல் நடவடிக்கை எடுக்கலாமா என்று பார்க்கும்படி அரசு வழக்கறிஞருக்கும் பரிந்துரைத்தது. அன்று முதல் ஒவ்வொரு துண்டுக்கும் முன்கூட்டியே அனுமதியும் கட்டணமும் என்றானது. 2005ல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், ஃபங்கடெலிக் குழுவின் 2 விநாடி கிடார் ஒலியை எடுத்ததற்காகவும் உரிமம் வாங்கியே ஆக வேண்டும் என்றது. அனுமதி வாங்கப் பணமுள்ள நட்சத்திரங்கள் பிழைத்தார்கள். பழைய தட்டுக் கடையில் குப்பையைக் கிளறிப் பொக்கிஷம் எடுத்த ஏழைப் பையன்களின் கலை ஒடுங்கியது.

சரி, அந்தக் கட்டணமாவது டிரம்ஸ் அடித்தவருக்குப் போனதா? இல்லை. பழைய ஒப்பந்தங்களில் ஒலிப்பதிவின் உரிமை கம்பெனிக்கு, மெட்டின் உரிமை பாடலாசிரியருக்கு. தாளம் அடித்தவருக்கு அன்றைய நாள் கூலியோடு சரி. ஜேம்ஸ் பிரவுனின் ‘ஃபங்கி டிரம்மர்’ பாட்டில் கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு அடித்த தாளம் பப்ளிக் எனிமி முதல் எல்.எல். கூல் ஜே வரை நூற்றுக்கணக்கானோரின் பாட்டில் இருக்கிறது. பாடலாசிரியர் என்று பதிவானது பிரவுனின் பெயர். ஸ்டபிள்ஃபீல்டு விஸ்கான்சின் மாநிலத்தின் மாடிசன் நகரில் உள்ளூர்க் கச்சேரிகள் வாசித்து வாழ்ந்து 2017ல் இறந்தார். 2005 வழக்கைத் தொடுத்த பிரிட்ஜ்போர்ட் நிறுவனத்தோடு, அந்த இசையைப் படைத்த ஜார்ஜ் கிளின்டனே தன் பாடல்களின் உரிமைக்காக ஆண்டுக்கணக்கில் போராடியவர். கலைஞனின் பெயரால் நடந்த பல வழக்குகளில் கலைஞன் பலனடையவில்லை. இதைச் சாம்பிள் செய்தவர்களும் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். காஸுக்கு நடந்தது அநீதி என்றால் கோல்மனுக்கும் ஸ்டபிள்ஃபீல்டுக்கும் நடந்ததும் அநீதிதான். வறுமையில் பிறந்த கலை என்பதால் இந்தக் கடனிலிருந்து ஹிப் ஹாப்புக்கு விலக்கு கிடையாது.

டி லா சோல் கதை இன்னும் வேதனை. 2010ஆம் ஆண்டுக்கான பட்டியலில் அவர்களுடைய முதல் ஆல்பம் தேசிய ஒலிப்பதிவுக் களஞ்சியத்தில் சேர்ந்தது. நாடு பாதுகாக்க வேண்டிய பொக்கிஷம் என்று அரசு சொன்ன அந்த ஆல்பத்தை, அன்று எந்த இணையச் சேவையிலும் சட்டப்படி கேட்க முடியவில்லை. சாம்பிள் ஒப்பந்தங்கள் கேசட், தட்டு காலத்தவை. இணையத்தைப் பற்றி அவற்றில் ஒரு வார்த்தை இல்லை. பிறகு அவர்களுடைய இசை வெளியீட்டு நிறுவனம் கைமாறி, உரிமங்கள் ஒவ்வொன்றாகச் சரிசெய்யப்பட்டு, 2023 மார்ச் 3 அன்று அந்த ஆல்பமும் மற்றப் பழைய ஆல்பங்களும் இணையத்தில் வந்தன. குழுவின் மூவரில் ஒருவரான டேவிட் ஜோலிகோர் அதற்கு மூன்று வாரத்துக்கும் குறைவான காலத்துக்கு முன்பு, பிப்ரவரி 12 அன்றுதான் காலமாகியிருந்தார்.

சொற்களுக்கு நேர்ந்ததும் இதே கதைதான், வேறு திசையில். 1989ல் என்.டபிள்யூ.ஏ. குழு போலீஸ் அத்துமீறலைப் பாடியதற்காக எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவர் அவர்களுடைய இசை நிறுவனத்துக்குக் கண்டனக் கடிதம் அனுப்பினார். 2018ல் கென்ட்ரிக் லமாரின் ஆல்பத்துக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. செவ்வியல், ஜாஸ் எல்லைக்கு வெளியே அந்த இசைப் பரிசைப் பெற்ற முதல் படைப்பு அது. அவ்வளவு தூரம் வந்த பிறகும், 2023 நவம்பரில் ஜார்ஜியாவில் யங் தக் மீதான வழக்கில் அவருடைய பாடல் வரிகளைச் சாட்சியமாகக் காட்டலாம் என்று நீதிபதி அனுமதித்தார். துப்பறியும் நாவல் எழுதியவரைக் கொலை வழக்கில் அந்த நாவலை வைத்து விசாரிப்பது மிக அபூர்வம். லாபம் வரும்போது அந்த வரிகள் கம்பெனியின் சொத்து, குற்றம் சாட்டும்போது மட்டும் பாடியவரின் வாக்குமூலம். கலிபோர்னியா 2022ல் இதைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் இயற்றியது. மற்ற மாநிலங்களும் செய்ய வேண்டிய வேலை அது.

தமிழர்களுக்கும் இந்தக் கணக்கில் பங்கு உண்டு. இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்த மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடிய ‘பேப்பர் பிளேன்ஸ்’ தி கிளாஷ் குழுவின் கிடார் ஒலிமீது நிற்கிறது. அந்தக் குழுவினருக்குப் பாடலாசிரியர் இடத்தில் பெயர் கிடைத்தது. அவருடைய குரலைத் துண்டாக எடுத்து டி.ஐ., ஜே-ஸீ, கான்யே வெஸ்ட், லில் வெய்ன் நால்வரும் பாடிய பாட்டு 2009ல் கிராமி வென்றது. அம்மாவின் பெயரை வைத்த ‘கலா’ ஆல்பத்துக்காக எம்.ஐ.ஏ. சென்னைக்கு வந்து உறுமி மேளத்தைப் பதிவு செய்தார். அந்த உறுமியை அடித்தவர்களின் பெயரைச் சொல்லத் தெரிந்த ரசிகர்கள் எத்தனை பேர்?

மலேசியாவின் யோகி பி, நட்சத்திரா குழுவின் 2006 ஆல்பம் ‘வல்லவன்’ தமிழ் ராப்புக்கு ஒரு தொடக்கம். அதில் இளையராஜாவின் ‘மடை திறந்து’ பாட்டைப் புதிய தாளத்தில் நிறுத்தியபோது, பிராங்க்ஸ் பையன்கள் ஜேம்ஸ் பிரவுனுக்குச் செய்த அதே மரியாதையைச் செய்தார்கள். 2021ல் ‘எஞ்சாய் எஞ்சாமி’ உலகம் சுற்றியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் முன்னோரின் கதையை ராப் பாடகர் அறிவு அதில் எழுதிப் பாடினார். அந்த ஆண்டே ஒரு இசைப் பத்திரிகையின் அட்டையில் அவர் இடம்பெறாமல் போனது பெரும் விவாதமானது. பிறகு அவருக்குத் தனி அட்டை வந்தது. அந்தப் பாட்டால் தங்களுக்கு வருமானமே வரவில்லை என்று 2024ல் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். கோடிக்கணக்கானோர் கேட்ட பாட்டுக்குப் பெயரிலும் பணத்திலும் இத்தனை தகராறு என்றால், 1979ல் இங்கிள்வுட்டில் நடந்தது நமக்கு அந்நியக் கதை இல்லை.

ஹிப் ஹாப்பில் பணக்காரர்களே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறார்கள். 2019ல் ஜே-ஸீயைப் பில்லியனர் என்று ஃபோர்ப்ஸ் அறிவித்தது. அவருக்கு முன்பே நியூ ஆர்லியன்ஸின் மாஸ்டர் பி, ஒலிப்பதிவின் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு விநியோகத்தை மட்டும் பெரிய நிறுவனத்திடம் கொடுத்தார். லாஸ் ஏஞ்சலஸின் நிப்ஸி ஹஸில் 2013ல் தன் பாடல் தொகுப்பின் 1,000 பிரதிகளைத் தலா 100 டாலருக்குத் தானே விற்றார். இந்த ஒப்பந்தங்கள் மைல்கற்களின் பட்டியலில் பிளாட்டினத் தட்டுகளுக்கு மேலே இருக்க வேண்டும். முந்தைய தலைமுறை ஏமாந்ததைப் பார்த்துப் பாடம் படித்தவர்கள் இவர்கள். ஆனால் பாடம் நடத்தியவர்களின் நிலைமை? 2011ல் கூல் ஹெர்க் சிறுநீரகக் கல் சிகிச்சைக்குப் பணமில்லாமல், மருத்துவக் காப்பீடும் இல்லாமல் தவித்தது உலகச் செய்தியானது. அவர் தட்டு சுழற்றிய 1520 செட்ஜ்விக் கட்டடத்தைக் குறைந்த வாடகைத் திட்டத்திலிருந்து விலக்க உரிமையாளர்கள் முயன்றபோது, குடியிருந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது.

விழா எடுப்பவர்கள் செய்யக்கூடிய காரியம் ஒன்று கண்முன்னே இருக்கிறது. அமெரிக்காவில் இணைய வானொலியும் செயற்கைக்கோள் வானொலியும் ஒலிப்பதிவுக்குச் செலுத்தும் ராயல்டியில் 5 சதவீதம் பின்னணியில் வாசித்த கலைஞர்களுக்கு என்று சட்டமே ஒதுக்கியிருக்கிறது. சாம்பிள் உரிமக் கட்டணத்திலும் அதேபோல் ஒரு பங்கை, தாளம் அடித்தவருக்கோ அவருடைய குடும்பத்துக்கோ என்று கட்டாயமாக்கலாம். கோல்மன் போய்விட்டார், ஸ்டபிள்ஃபீல்டு போய்விட்டார். 1970களில் வாசித்த பலர் இன்னும் இருக்கிறார்கள்.

பாடியவர்களுக்கு வேறொரு கதவு திறந்திருக்கிறது. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டப்படி, 1978க்குப் பிறகு உரிமையை எழுதிக்கொடுத்த படைப்பாளி 35 ஆண்டு கழித்து அதைத் திரும்பக் கேட்கலாம். இவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்தவர்கள், படைப்பாளிகள் அல்லர் என்பது நிறுவனங்களின் வழக்கமான பதில். சால்ட் என் பெப்பா தங்கள் பாடல்களுக்காக 2025 மே மாதம் யுனிவர்சல் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தார்கள். அதற்கு முந்தைய அக்டோபரில் மியாமியின் 2 லைவ் க்ரூ குழுவினர் தங்கள் பழைய ஆல்பங்களின் உரிமையைத் திரும்பப் பெறலாம் என்று ஃபுளோரிடாவில் ஜூரி தீர்ப்புச் சொல்லியிருந்தது. 1992, 1993 ஆல்பங்களின் முறை 2027லும் 2028லும் தொடங்குகிறது. நோட்டீஸ் குறைந்தது இரண்டு ஆண்டுக்கு முன்பே போய்ச் சேர வேண்டும். அதை அனுப்ப வேண்டியவர்கள் இப்போதே வக்கீலைப் பார்த்திருக்க வேண்டும்.